ஓட்டுநர் இல்லாத கார் வந்தபின் நடப்பது குறைந்துவிட்டதா? உங்கள் ஊரில் எப்படி?

பாலைவனத்தான் (சாண்ட்லர், அரிசோனா)

வணக்கம். சாண்ட்லரிலும் சுற்றுவட்டாரத்திலும் 2020 அக்டோபரிலேயே ஸ்டியரிங் முன்னால் ஆளில்லாத வேமோ நிறுவனத்து வாடகைக் கார் பொதுமக்களுக்கு வந்துவிட்டது. இப்போது அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. என் கவலை காரைப் பற்றியது இல்லை, என் மகனைப் பற்றியது.

2025 ஜூலையில் ஃபீனிக்ஸ் பகுதியில் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கென்று தனிக் கணக்கு தொடங்கினார்கள். பெற்றோர் கணக்கோடு இணைத்துவிட்டால் பிள்ளை தானே காரைக் கூப்பிட்டுப் போகலாம். என் பையனுக்கு 15. அதுவரை நூலகம், நண்பன் வீடு இரண்டுக்கும் கால்வாய் ஓரப் பாதையில் சைக்கிள்தான். இப்போது ஒன்றரை மைலுக்கு வெள்ளை ஜாகுவார் வருகிறது. கூரைமேல் இருக்கும் உருளையில் அவன் பெயரின் முதலெழுத்துகள் கலர் விளக்கில் மின்னுகின்றன. துரை கதவைத் திறந்து ஏறிக்கொள்கிறார்.

வெயில் என்று சொல்வீர்கள். 2023 கோடையில் இங்கே தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸுக்குக் குறையாத வெயில். ஜூலையில் யாரையும் சைக்கிள் மிதிக்கச் சொல்லும் கல்நெஞ்சம் எனக்கு இல்லை. ஆனால் நவம்பர், ஜனவரியில் எங்கள் ஊர் சொர்க்கம். அப்போதும் இதே கதைதான்.

இது என் வீட்டுச் சோம்பேறித்தனமா, அல்லது இந்தக் கார்கள் போகிற ஊரிலெல்லாம் இப்படித்தானா?

குடந்தைப் பொண்ணு (கும்பகோணம்)

கிரெடிட் கார்டை எடுத்து உள்ளே வைத்தால் சைக்கிள் தானாக ஓடும் அண்ணா. இதற்கு ஒரு இழையா?

விரிகுடாவாசி (சான் ஃபிரான்சிஸ்கோ)

ஊரைப் பொறுத்துத்தான் பதில். சாண்ட்லரில் வேமோ இல்லாவிட்டால் பெரியவர்கள் சொந்தக் காரில் போயிருப்பார்கள். ஒரு காருக்குப் பதில் இன்னொரு கார், உடம்புக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. இங்கே அப்படி இல்லை. 2024 ஜூனில் காத்திருப்புப் பட்டியலை எடுத்துவிட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் என் அலுவலகத்தில் முனி என்கிற நகரப் பஸ்ஸில் வந்தவர்களும் நடந்தே வந்தவர்களும் நிறைய. இப்போது மழை தூறினாலோ, மேடு கொஞ்சம் செங்குத்தாக இருந்தாலோ, இரவு ஒன்பது தாண்டினாலோ கை தானாக ஆப்புக்குப் போகிறது.

இதைப் பற்றி எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. பெர்க்லி பல்கலைக்கழக ஆட்கள் செய்தது. தானியங்கி கார் எல்லோர் வீட்டுக்கும் வரட்டும் என்று காத்திருக்காமல், இங்கே சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 13 பேருக்கு ஒரு வாரம் இலவசமாக டிரைவர் கொடுத்துப் பார்த்தார்கள். கார் அவரவருடையது, ஓட்டுவது மட்டும் வேறு ஆள். பிள்ளையைக் கூட்டிவர, பார்சல் வாங்கிவரக் காலிக் காரையும் அனுப்பலாம். 2018இல் வந்த முடிவு: கார் ஓடிய தூரம் 83 சதவீதம் கூடியது.

13 பேர் போதாது என்பீர்கள். அப்புறம் சாக்ரமெண்டோ பக்கம் 43 குடும்பங்களை வைத்துச் செய்தார்கள். தூரம் 60 சதவீதம் கூடியது. கூடியதில் பாதிக்கு மேல் ஆளே இல்லாமல் ஓடியது. பஸ், ரயில் பயணங்கள் 70 சதவீதம் குறைந்தன, சைக்கிள் 38, நடை 10.

சந்தேகப்பிராணி (டொராண்டோ)

நடை 10 சதவீதம்தான் குறைந்தது என்றால் இழையின் தலைப்பே ஆட்டம் காண்கிறதே.

அதுவும் ஓசி டிரைவர். ஓசியில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? வேமோ ஓசி இல்லை. 2025இல் உங்கள் விரிகுடாப் பகுதியில் கட்டணங்களை ஒப்பிட்டபோது வேமோ சராசரி 20 டாலரைத் தாண்டியது, ஊபரும் லிஃப்டும் 15 டாலர் வாக்கில் இருந்தன. 20 டாலர் கொடுத்துப் பத்து நிமிட நடையைத் தவிர்க்கிறவர் ஏற்கெனவே நடக்காதவராகத்தான் இருப்பார்.

அண்ணாநகர் அப்பு (சென்னை)

ஒரு வாரம் டிரைவர் கொடுத்துப் பார்த்தார்களாம்! எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இந்த ஆய்வு நடக்கிறது, யாரும் கட்டுரை எழுதவில்லை.

பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்களே, அங்கே எங்கள் பெரியம்மா எப்படிக் கடைக்குப் போவார் தெரியுமா? புடவைக்கடை வாசலில் இறங்குவார். டிரைவர் நிறுத்த இடமில்லாமல் வெங்கட்நாராயணா சாலை வரை ஒரு சுற்று சுற்றுவார். வெளியே வந்ததும் பெரியம்மா போன் போடுவார், "எங்கப்பா இருக்க?" அடுத்து போக வேண்டிய பாத்திரக்கடை அதே வரிசையில் நாலு கடை தள்ளி. அதற்கும் வண்டி வர வேண்டும். அவ்வளவு அழகான நடைபாதையில் பெரியம்மா நடந்தது காரிலிருந்து கடைப்படி வரைக்கும்தான்.

சொந்தமாகக் கார் ஓட்டும் என் அண்ணன் அதே கடைக்குப் போனால் பல அடுக்குப் பார்க்கிங்கில் வண்டியைப் போட்டுவிட்டு ஒரு தெரு நடப்பார். வழியில் இளநீர் குடிப்பார், செருப்புக் கடையில் எட்டிப் பார்ப்பார். எங்கே நிறுத்துவது என்ற தொல்லைதான் அவரை நடக்க வைக்கிறது. டிரைவர் வந்தால் முதலில் போவது அந்தத் தொல்லை.

இன்னொன்றும் உண்டு. ஆள் என்றால் ஒரு கூச்சம் இருக்கும். டிரைவர் இன்னும் சாப்பிடவில்லையே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறோமே, அரை கிலோ தக்காளிக்கு வண்டியை எடுக்கச் சொல்லலாமா என்று பெரியம்மாவே சில நாள் யோசிப்பார், பேசாமல் நடந்து போய் வாங்கிவிடுவார். மெஷினிடம் எதற்குக் கூச்சம்?

லிடார் லிங்கம் (மவுண்டன் வியூ)

அப்பு சொன்ன பார்க்கிங் விஷயம் எங்கள் துறையில் பெரிய தலைவலி. (நான் வேமோவில் இல்லை, இதே தொழிலில் வேறு இடத்தில்.) நகரத் திட்டமிடல் பேராசிரியர் ஒருவர் 2019இல் கணக்குப் போட்டுக் காட்டினார். தானியங்கி கார் பார்க்கிங் கட்டணம் கொடுப்பதைவிட ஊரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பது மலிவு. சான் ஃபிரான்சிஸ்கோ நடுநகரில் 2,000 கார் அப்படிச் செய்தால் போதும், அந்தப் பகுதியில் வேகம் மணிக்கு 2 மைலுக்கும் கீழே போய்விடும் என்றார். நடப்பவன் காரை முந்திவிடுவான்!

ஆனால் "வாசலுக்கே வருகிறது" என்பதை அப்படியே ஏற்க முடியாது. கண்ட இடத்தில் நிறுத்தாமல் பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிற்கும்படிதான் மென்பொருளை எழுதுகிறோம். வேமோ ஆப்பே பல நேரம் இரண்டு மூன்று நிமிடம் நடந்து வரச் சொல்லி வழி காட்டும். ஆட்டோக்காரர் மாதிரி சந்துக்குள் நுழையாது.

விரிகுடாவாசி

பாதுகாப்பான இடமா? 2024இல் மட்டும் இந்த ஊரில் வேமோ வாங்கிய பார்க்கிங் அபராதச் சீட்டு 589. சைக்கிள் பாதையில் நிறுத்தி ஆள் ஏற்றுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். சைக்கிளில் போகிறவர் ஒதுங்கி கார் ஓடும் தடத்துக்குள் வரவேண்டியிருக்கிறது. பயந்தவர் மறுநாள் சைக்கிளை எடுக்க மாட்டார். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் லிங்கம்.

முழங்கால் வைத்தியர் (சிங்கப்பூர்)

நான் இயன்முறை சிகிச்சையாளர். சந்தேகப்பிராணிக்கு ஒரு பதில்.

நடை 10 சதவீதம்தான் குறைந்தது என்று நிம்மதி அடையாதீர்கள். அதில் வீட்டிலிருந்து கடைசி வரை நடந்தே போன பயணங்கள்தான் சேரும். பெரிய இழப்பு பக்கத்து வரியில் இருக்கிறது: பஸ், ரயில் 70 சதவீதம். பஸ்ஸில் போகிறவர் நிறுத்தம் வரைக்கும் நடக்கிறார், இறங்கியபின் நடக்கிறார், ரயில் நிலையப் படி ஏறுகிறார். அமெரிக்காவில் 2005இல் வந்த ஆய்வில் பொதுப் போக்குவரத்தில் போகிறவர்கள் அதற்காகவே நாளுக்கு நடந்த நேரத்தின் இடைநிலை அளவு 19 நிமிடம். 29 சதவீதம் பேர் இந்த வகையிலேயே 30 நிமிடத்தைத் தொட்டுவிட்டார்கள். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. பஸ் பாஸ் வைத்திருக்கும் பலர் ஷூ லேஸ் கட்டாமலேயே அதை முடித்துவிடுகிறார்கள்.

என்னிடம் வருகிறவர்களிடம் "நடக்கிறீர்களா?" என்று கேட்டால் "எங்கே டாக்டர் நேரம்" என்பார்கள். "எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டால் எம்ஆர்டி நகர ரயில், அப்புறம் பஸ், அப்புறம் இரண்டு அடுக்குமாடி புளோக் தாண்டி. அதை அவர்கள் நடையாகவே எண்ணுவதில்லை. எண்ணாததால்தான் அது போனாலும் தெரியாது.

காரோட்டுவதே ஒரு சின்ன உழைப்பு என்பதையும் மறக்க வேண்டாம். உடலியக்கங்களின் ஆற்றல் செலவை அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். ஓய்வாக இருப்பதை 1 என்று வைத்தால், 2011 பதிப்பில் காரில் சும்மா உட்கார்ந்து போவது 1.3, கார் ஓட்டுவது 2.5, சாதாரண வேக நடை 3.5. ஓட்டுவதை உடற்பயிற்சி என்று நான் சொல்லவில்லை. ஆனால் தினம் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவரைப் பின்சீட்டில் உட்கார வைத்தால் அந்தச் சின்னதும் போகிறது.

உட்கார்ந்திருப்பது எவ்வளவு தூரம் போய் முடியும் என்று பார்க்க லண்டன் பஸ்ஸே போதும். ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் 35 முதல் 64 வயது வரை உள்ள சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். இருவருக்கும் அதே இரட்டை மாடி பஸ், அதே ஷிஃப்ட். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு நோய் டிரைவர்களுக்குத்தான் அதிகம்.

சந்தேகப்பிராணி

மோரிஸ் கதையின் அடுத்த பாகத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே வைத்தியரே. 1956இல் அதே ஆள் அதே ஊழியர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார். பேண்ட் இடுப்பளவு டிரைவர்களுக்கு இளம் வயதிலேயே பெரிது. அப்படியென்றால் பருமனானவர்கள் டிரைவர் வேலைக்குப் போனார்களா, டிரைவர் வேலை பருமனாக்கியதா?

இதே கேள்விதான் வேமோவுக்கும். நடக்கப் பிடிக்காதவர் வேமோ கூப்பிடுகிறாரா, வேமோ வந்ததால் நடக்காமல் போகிறாரா?

முழங்கால் வைத்தியர்

நல்ல கேள்வி. ஆனால் மோரிஸ் பஸ்ஸோடு நிற்கவில்லை, 1953 ஆய்விலேயே தபால்காரர்களை மேசை ஊழியர்களோடும் ஒப்பிட்டிருந்தார். அங்கேயும் நடந்தவர்களுக்கே நோய் குறைவு. எல்லாவற்றையும் இடுப்பளவின் தலையில் கட்ட முடியவில்லை.

இந்தச் சிக்கலுக்கு உங்களுக்குப் பிடிக்காத டிரைவர் பரிசோதனைதான் நல்லது. அதே ஆட்கள், டிரைவர் இல்லாத வாரம், டிரைவர் உள்ள வாரம். ஆள் மாறவில்லை, பழக்கம் மாறியது.

வெண்கோல் (லாஸ் ஏஞ்சலஸ்)

இவ்வளவு நேரம் படிக்க வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பார்வை இல்லை. எல்லோரும் கண்ணும் காலும் நன்றாக உள்ளவர்களையே வைத்துப் பேசுகிறீர்கள்.

எனக்கு வழிகாட்டி நாய் உண்டு. டாக்சி கூப்பிட்டால் நாயைப் பார்த்ததும் கேன்சல் செய்துவிட்டுப் போகிறவர்களை நான் பழகிவிட்டேன். புகார் கொடுத்தால் மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல் வரும், சில டாலர் தள்ளுபடி வரும். அதனால் முன்பெல்லாம் வேலை, வீடு, பக்கத்துக் கடை, அவ்வளவுதான் என் உலகம்.

2024 நவம்பரில் இங்கே எல்லோருக்கும் வேமோ திறந்தார்கள். ஆப்பில் தட்டினால் கார் ஒலி எழுப்பும், அதைக் கேட்டு நடந்து போய்க் கதவைத் தடவிக் கண்டுபிடிப்பேன். இப்போது சனிக்கிழமை காலையில் சாண்டா மோனிகா கடற்கரைக்குப் போய் நாயோடு நடக்கிறேன். கார் எடுத்துக்கொண்டது ஒரு நடையையும் இல்லை. இல்லாத நடை ஒன்று வந்திருக்கிறது. 2015இல் ஆஸ்டினில் கூகுளின் ஸ்டியரிங்கே இல்லாத சின்னக் காரில் முதன்முதலாகத் தனியாகப் போனவரும் பார்வையற்றவர்தான். எங்களை விளம்பரப் படத்துக்கு மட்டும் கூப்பிட்டுவிட்டுக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

பாலைவனத்தான்

வெண்கோல், உங்களைப் படித்ததும் அம்மா ஞாபகம் வந்தது. ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். போன முறை வந்தபோது நாங்கள் அலுவலகம் போனபின் வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, தோட்டத்துக் கல்லைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். இந்த முறை அவர் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தோம். பட்டுக்கரைப் பருத்திப் புடவை, கீழே மருமகள் வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூ, காரில் ஏறி சாண்ட்லர் ஃபேஷன் சென்டர் மால். ஏசிக்குள் மேல் தளமும் கீழ்த் தளமுமாக நடந்துவிட்டு, எஸ்கலேட்டர் பயம் என்பதால் படியேறிவிட்டு, வீட்டுக்கு வந்துவிடுகிறார். "வண்டியில யாருமே இல்லடா, கதவைச் சாத்துனா நன்றி சொல்லுது" என்று கும்பகோணத்துக்கு போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.

ஒரே ஆப், ஒரே வீடு. பாட்டியை நடக்க வைக்கிறது, பேரனை உட்கார வைக்கிறது.

லிடார் லிங்கம்

எங்கள் பக்கத்து வாதம் ஒன்றையும் வைத்துவிடுகிறேன். மனிதர் ஏன் நடக்கவில்லை என்றால், சாலை பயமாக இருக்கிறது என்பதும் ஒரு காரணம். 2025இல் வெளிவந்த வேமோ ஆய்வு 5.67 கோடி மைல் ஓட்டத்தை எடுத்துக்கொண்டது. மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட்டால் பாதசாரிகள் காயமடைந்த விபத்துகள் 92 சதவீதம் குறைவு. எழுதியவர்கள் அந்த நிறுவனத்து ஆட்கள், ஆனால் வெளியார் சரிபார்த்து வெளியிடும் ஆய்விதழில் வந்தது. கார்கள் பாதசாரிகள் கடக்கும் கோட்டில் நின்று வழிவிடும் என்ற நம்பிக்கை வந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு நடந்து போக விடுவீர்கள்தானே?

பாலைவனத்தான்

விடலாம். ஆனால் இங்கே யாரும் 2018 மார்ச்சை மறக்கவில்லை. பக்கத்து ஊர் டெம்பேயில் இரவு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணைச் சோதனை ஓட்டத்தில் இருந்த ஊபர் கார் மோதிக் கொன்றது.

விரிகுடாவாசி

இங்கே 2023 அக்டோபர். வேறொரு கார் இடித்துத் தூக்கியெறிந்த பெண் மீது ஜெனரல் மோட்டார்ஸின் ஆளில்லா குரூஸ் கார் ஏறி, நின்று, மறுபடி நகர்ந்து சுமார் 20 அடி இழுத்துப் போனது. மாநிலம் அனுமதியை நிறுத்தியது, 2024 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோடாக்சியையே மூடிவிட்டது. வேமோவின் 92 சதவீதம் வேமோவுக்குத்தான். மொத்தத் தொழிலுக்கும் அந்தச் சான்றிதழை ஒட்டாதீர்கள்.

அண்ணாநகர் அப்பு

இந்தியாவுக்கு வராது, கவலை வேண்டாம். கட்கரி 2017லேயே சொல்லிவிட்டார், 2023இல் மறுபடியும் சொன்னார், டிரைவர்கள் வேலை போய்விடும், விடமாட்டேன் என்று. அந்தப் பேச்சில் எனக்கும் உடன்பாடு...

நெறியாளர்

வேலையிழப்பு பற்றித் தனி இழை ஓடுகிறது அப்பு. அங்கே வாருங்கள், இங்கே நடை, உடம்பு மட்டும்.

முழங்கால் வைத்தியர்

சிங்கப்பூர் நிலவரமும் கேட்டிருந்தீர்கள். ஆளில்லா வண்டி எங்களுக்குப் புதிதில்லை. வடகிழக்கு எம்ஆர்டி பாதை 2003இலிருந்து டிரைவர் இல்லாமல்தான் ஓடுகிறது, பொங்கோல் பேட்டையின் எல்ஆர்டி சிறு ரயில் 2005இலிருந்து. அவற்றால் யாரும் நடையை விடவில்லை. காரணம், நிலையம் ஓர் இடத்தில் இருக்கிறது, நீங்கள் அதைத் தேடிப் போக வேண்டும். அரசாங்கமும் எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் கூரை போட்ட நடைபாதை அமைத்துக்கொண்டே வந்தது, 200 கிலோமீட்டருக்கு மேல். வெயில், மழை என்ற சாக்கே இல்லை.

2025இல் பொங்கோலில் தானியங்கி ஷட்டில் தடங்களை அறிவித்தார்கள், குடியிருப்பையும் பாலிகிளினிக், கடைத்தொகுதிகளையும் இணைப்பதற்கு. நான் கவனிப்பது ஒன்றைத்தான்: வண்டி நிற்பது குறித்த நிறுத்தத்திலா, கூப்பிட்ட புளோக்கின் அடியிலா? நிறுத்தம் என்றால் அது பஸ், நடை தப்பிக்கும். முழங்கால் வலியோடு பாலிகிளினிக் போகிற என் பாட்டிமார்களுக்கு புளோக் அடியில் வருவதுதான் வரம், அதையும் மறுக்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் நிற்கும் 30 வயதுக்காரருக்கும் அதே வரத்தைக் கொடுத்தால் பத்து வருஷம் கழித்து அவரும் என்னிடம் வருவார்.

குடந்தைப் பொண்ணு

அண்ணா, நீங்கள் ஆப்பில் பழைய பயணப் பட்டியலைப் பார்த்தீர்களா? தம்பி உண்மையிலேயே எங்கெல்லாம் போகிறான் என்று? சைக்கிளில் போனதெல்லாம் காருக்கு மாறியதா, இல்லை நீங்கள் கொண்டுபோய் விட்டதெல்லாம் காருக்கு மாறியதா? இரண்டும் ஒன்றில்லையே.

பாலைவனத்தான்

கேட்டாயே ஒரு கேள்வி. நேற்று இரவு பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

பெரும்பாலானவை கராத்தேவும் ராணுவக் கட்டுப்பாடோடு நடக்கும் பேண்டு வாத்திய ஒத்திகையும். இரண்டும் தூரம், முன்பு நானோ மனைவியோ காரில் விட்டவை. சைக்கிளிலிருந்து காருக்குத் தாவியது நூலகமும் நண்பன் வீடும்தான். ஏன் என்று கேட்டால், கால்வாய் ஓரம் முள்ளாம். போய்ப் பார்த்தேன், நம் ஊர் நெருஞ்சியேதான்! அதே மஞ்சள் பூ, அதே கொம்பு வைத்த காய். வாரம் தவறாமல் பஞ்சர். என்னிடம் சொன்னால் நானே ஒட்டு என்பேன் என்று ஆப்பைத் தட்டியிருக்கிறான்.

டியூபுக்குள் ஊற்றும் பசை இங்கே கடையில் கிடைக்கிறது, போட்டாயிற்று. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை இரண்டு மைலுக்குள் கார் கிடையாது என்று ஒப்பந்தம். கோடையில் அவன் இஷ்டம்.

பட்டியலில் தெரிந்த இன்னொன்று: கராத்தே, பேண்டுக்காக நாங்கள் ஓட்டிய மாலைகள் எங்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கின்றன. மனைவி அந்த நேரத்தில் வெட்டரன்ஸ் ஒயாசிஸ் பூங்காவில் ஏரியைச் சுற்றுகிறார், தோழிகள் ஒரு கும்பல் சேர்ந்துவிட்டது.

குடந்தைப் பொண்ணு

அண்ணி ஏரியைச் சுற்றுகிறார், உங்கள் அம்மா மால் முழுக்கச் சுற்றுகிறார். அந்த நேரத்தில் நீங்கள்?

பாலைவனத்தான்

கிரிக்கெட் ஹைலைட்ஸ்.

சந்தேகப்பிராணி

இழைத் தலைப்பை மாற்றச் சொல்லி நெறியாளருக்கு எழுதியிருக்கிறேன். அப்புறம் வைத்தியரே, பொங்கோல் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்ததும் இங்கேயே வந்து போடுங்கள். என் தங்கை அங்கேதான் இருக்கிறாள், அவளுக்கு 34.